நீர்ப்பறவையும் நிழற்படமும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. ஏரி என்பது வழக்குப் பெயரே. உண்மையில் அது கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் காயலாகும். இந்திய நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்த பெருமை இதற்கே உண்டு. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது; தமிழகத்துப் பகுதி 1980ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது.

மழைக்காலம் தணிந்ததும் பூநாரையும் உள்ளானும் பிறவும் இங்குப் பல்லாயிரமாக வந்திறங்கும். அவற்றைக் காண விடுமுறை நாள்களில் இளைஞர் பலர் புகைப்படக் கருவியுடன் கரையில் கூடுகின்றனர். பொழுதுபோக்குகளுள் இது தூயது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவருட் சிலர் செய்யும் செயலொன்று கடிந்து விலக்கத் தக்கது. சேற்று நீரில் அமைதியாக மேயும் கூட்டத்தைக் கைதட்டியும் கல்லெறிந்தும் எழுப்பி, அது பதறிப் பறக்கும் கோலத்தைப் படமெடுக்கின்றனர். பூநாரையின் விரித்த சிறகில் தோன்றும் செந்நிறம் கண்ணைக் கவர்வதே. ஆனால் அக்காட்சிக்கு விலை கொடுப்பது படமெடுப்பவன் அல்லன், பறவையே.

அவ்விலை சிறிதன்று. பூநாரை நின்ற இடத்திலிருந்தே எழும் பறவை அன்று; நீரின்மேல் சில அடிகள் ஓடி, விசை பெற்றே எழும். கொசு உள்ளானோ ஏறத்தாழ 25 கிராம் எடையே உடைய சிற்றுயிர். வடதுருவத்தை அடுத்த சைபீரிய நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, பல்லாயிரங் கிலோமீட்டர் கடந்து இங்கு வருகின்றது. வேனில் முற்றுமுன் மீண்டும் அத்துணைத் தொலைவும் செல்லல் வேண்டும். அப்பயணத்திற்கு உரிய கொழுப்பை இச்சேற்றில் கிடைக்கும் புழுக்களையும் சிறு பூச்சிகளையும் தின்றே உடலில் சேர்க்கின்றது. “ஒருமுறை எழுப்பினால் என்ன கேடு?” என்பர். எழுப்புவோனுக்கு அஃது ஒருமுறை. ஒருவர்பின் ஒருவராக வரும் இருபதின்மர் எழுப்பின், பறவைக்கு இருபது முறையன்றோ?

குறுந்தொகையில் கபிலர் பாடிய நாரை ஒன்று உண்டு. தலைவனும் தலைவியும் கூடிய இடத்தில் அது நின்றது; ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்திருந்தமையால் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. படம் பயிலத் தொடங்குவோன் தேட வேண்டிய பறவை அதுவே. இரைமேல் வைத்த கண்ணை எடாத பறவையின் படம்தான் உண்மைப் படம். தலையை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, மேய்ச்சலை நிறுத்தி நிற்கும் பறவை, வந்தவன் எல்லை மீறினான் என்று கூறுகின்றது. அப்போது ஓரடியும் முன்வையாது பின்வாங்குதலே தக்கது.

இனி, ஒளியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். கதிரவனே போதிய விளக்கு. காலை எழுந்த ஒரு மணி நேரமும், மாலை மறையுமுன் ஒரு மணி நேரமும் அதன் ஒளி சாய்ந்தும் மென்மையாகவும் விழும். நண்பகலில் வெண்சிறகு வெளுத்து இறகின் வரிகள் மறையும். சேற்று நிலத்தின் கானல் உருவத்தை அலைக்கும். ஏரியின் மேற்குக் கரையில் காலையில் நிற்பவன் கதிரை எதிர்நோக்குவான். பறவை கருநிழலாகவே படியும். அக்கரைக்கு மாலையே ஏற்றது. அப்போது ஒளி முதுகுப்புறமிருந்து வரும். கரிய நீரில் வெண்கொக்கு நிற்பின், கருவி நீரின் கருமையைக் கண்டு மயங்கி ஒளியை மிகுதியாக ஏற்கும். அதனைச் சிறிது குறைத்தல் வேண்டும். நின்று எடுப்பதினும் தரையில் அமர்ந்தோ கிடந்தோ, பறவையின் கண்மட்டத்தில் வைத்து எடுப்பது நன்று. உடையிற் சேறு படியும், படியட்டும்.

அணுகுவதினும் காத்திருப்பதே சிறந்த வழி. கரையிற் கவிழ்த்த படகின் மறைவிலோ, சீமைக்கருவேலின் நிழலிலோ அசையாது இருப்பின், மேய்ந்து வரும் உள்ளான்கள் தாமே நெருங்குவதுண்டு. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர் என்னும் இருவர், 1900ஆம் ஆண்டளவில், மாட்டுத்தோலைச் சட்டத்தின்மேல் போர்த்திப் பொய் எருதொன்று செய்து, அதன் வயிற்றுள் ஒளிந்து பறவைகளைப் படமெடுத்தனர். இக்காலத்து நெடுந்தொலைவு வில்லைகள் அவர்களுக்கு இல்லை. தொலைவிலிருந்தே அண்மைக் காட்சி பெறும் கருவி வாய்த்தபின்னும் கல்லெறிவாரை என்னென்பது!

கருவியின் விலை குறைவு என்று வருந்துவோரும் உளர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாராகிய மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த கனத்த கருவியால் காட்டுயிர்களைப் படமெடுத்தார். அவர் பெயரை நிலைநாட்டியவை கறுப்பு வெள்ளைப் படங்களே. வண்ணமின்றியும் அவ்விலங்குகள் உயிருடன் நிற்கின்றன. எடுத்தவர் அவற்றின் நடையை நெடுநாள் நோக்கி அறிந்திருந்தார்.

கதிரவன் மறைந்தபின் மின்னொளி வீசிப் படமெடுக்க முயலுதலும் வேண்டா. ஒளி போயிற்றெனின் அன்றைய படமும் முடிந்தது. மனிதர் வீடு திரும்பிய பின்னரும் உள்ளான்கள் இருளில் இரைதேடிக்கொண்டிருக்கும். சேற்றினுள் புழு நெளிவதை அலகின் நுனியாலேயே அவை உணரும்.