காயைச் சோதிக்கும் முன்னே தண்ணியைச் சோதி!



சந்தையில் கத்திரிக்காய் கூடையை இறக்கினதும் "எந்த ஊரு?" என்று கேட்கிறாங்க. செம்மங்குப்பம் என்று சொன்னால் சில பேர் கையில் எடுத்த காயைத் திரும்பக் கூடையிலேயே போட்டுட்டுப் போறாங்க. சிப்காட் தண்ணியில் விளைஞ்ச காயாம்! சிப்காட்டை நாமா வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தோம்? தொழிற்பேட்டை 1980களில் வந்தது. நம்ம பாட்டன் பூட்டன் அதற்கு முன்பே இந்தக் கொல்லையில் காய் பறித்தவர்கள்.

2003ல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் இங்கே விசாரணை நடத்தியது. காற்றும் தண்ணியும் கெட்ட கதையைச் சனங்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். இருபது வருசம் தாண்டியாச்சு. நம்ம போர் தண்ணியில் என்ன கலந்திருக்கு என்று சர்வே எண் வாரியாக எழுதின ஒரு தாளாவது நம்ம கையில் இருக்கா? இல்லை. ஆனால் மாதிரி எடுப்பது மட்டும் காய் விக்கிறவன் கூடையில். அளவு குறிக்கப்படாத பூச்சிமருந்து என்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் சட்டம் விடும். 100 டன் காயில் 1 கிராம்! அவ்வளவு நுணுக்கமாய்ப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு நம்ம கிணறு கண்ணில் படலையா?

நம்ம பக்கத்துத் தப்பையும் மறைக்க வேண்டாம். மோனோகுரோட்டோபாஸை காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. அதற்கப்புறமும் கடையில் எடுத்துக் கொடுத்தாங்க, நாமும் வாங்கி அடித்தோம். காய்ப்புழு கத்திரியைத் துளைக்கிற வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் கை நிக்காது, வாஸ்தவம்தான். 2013 ஜூலையில் பீகார் சரண் மாவட்டத்துப் பள்ளியில் மதிய சாப்பாட்டில் அதே மருந்து கலந்து 23 பிள்ளைங்க செத்துப்போச்சு. சாயங்காலம் அடித்து விடியக்காலம் பறித்த காயை நம்ம வீட்டு உலையில் போடுவோமா? ஊடுருவும் மருந்து எத்தனை தண்ணியில் கழுவினாலும் போகாது. டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கழியாமல் காயில் கை வைக்காதீங்க. பத்து லிட்டர் டேங்குக்கு அரைக்கிலோ வேப்பம்பருப்பு இடித்து ஊறவைத்த சாறும், இனக்கவர்ச்சிப் பொறியும் நம்மால் முடிகிற காரியம். பறித்த காயைக் காவாய்த் தண்ணியில் அலசுவதையும் விட்டுடணும்.

2015ல் கேரளா, தமிழ்நாட்டுக் காயில் விஷம் என்று கிளப்பியபோது விலை விழுந்து அடிபட்டது யார்? மருந்துக் கம்பெனியா, வியாபாரியா? இன்னொரு தடவை அப்படி ஆனால் தாங்குகிற தெம்பு நமக்கில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: வருசத்துக்கு இரண்டு தடவை, கோடையிலும் மழை முடிந்த பிறகும், நம்ம கிணறு, போர், மண் மூன்றையும் அரசு தன் செலவில் சோதிக்கணும். முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டணும். தண்ணி கெட்டிருந்தால் கெடுத்தவன் நட்டஈடு தரணும். மாற்றுத் தண்ணியும் வரணும்.

அக்டோபர் 2 கிராமசபைக்கு ஆளுக்கொரு பாட்டில் போர் தண்ணியோடு வாங்க. (மருந்து பாட்டிலில் பிடிச்சிட்டு வராதீங்க சாமி!) சர்வே எண்ணை எழுதி மேலே ஒட்டுங்க. தீர்மானம் பதிவேட்டில் ஏறி, படித்துக் காட்டி, கையெழுத்தாகிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்காதீங்க.