அறுபது பைசா யாருடையது?

தைப் பொங்கல் கழிந்த வாரம் ஒரு டி-சர்ட் ஆர்டர் கையைவிட்டுப் போனது. 5,000 பீஸ். தையல் கூலி பீசுக்கு 14 ரூபாய் கேட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒருவர் 13.40க்கு ஒத்துக்கொண்டார். "மார்க்கெட் ரேட்டு அதுதானுங்கண்ணா, நான் என்ன பண்றது?" என்றார் ஆர்டர் கொடுக்கும் கான்ட்ராக்டர். அந்த 60 பைசாவை 13.40க்கு எடுத்தவர் எதில் மிச்சம் பிடிக்கிறார் என்று கேட்டேன். "அதெல்லாம் நமக்கெதுக்குங்க?" என்று போனை வைத்துவிட்டார்.

எதில் மிச்சம் பிடிக்கிறார் என்று திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் இருக்கும் அதே ஓவர்லாக், அதே பிளாட்லாக் மெஷின்கள்தான் அவரிடமும். கரன்ட் பில்லும் வாடகையும் அவருக்கு மட்டும் குறைவதில்லை. குறைவது ஆட்களின் கணக்கில்தான். இரவு எட்டரை வரை மெஷின் ஓடும். நோட்டில் ஒன்றரை ஷிப்ட் ஏறாது, ஒரு ஷிப்ட்தான். பிஎஃப், ஈஎஸ்ஐ என்ற பேச்சே கிடையாது. பவர் டேபிள் என்று நாங்கள் சொல்லும் என் தையல் யூனிட்டில் 22 பேர். அவர்கள் சம்பளத்துக்கு மேல் பிஎஃப்புக்கு 12 சதவீதமும் ஈஎஸ்ஐக்கு 3.25 சதவீதமும் நான் கட்டுகிறேன்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் சந்தையின் கையைக் கட்டிவிடுகிறது என்று டிவியில் பேசுகிறார்கள். இருபது வருடமாக அந்தச் சந்தையில் நிற்கிறவன் நான். தையல் சுத்தம், ரிஜெக்‌ஷன் குறைவு, சொன்ன தேதியில் டெலிவரி என்று போட்டி போடச் சொன்னால் போடுவேன். யார் ஆட்களின் வயிற்றில் அதிகம் அடிப்பது என்ற போட்டிக்கு முடிவே இல்லை. இன்று 13.40 என்றால் நாளை ஒருவர் 12.80க்கு வருவார். சட்டம் எனக்குப் பாரமாக இருந்ததில்லை. அதை மீறுகிறவரோடு மோதுவதுதான் பாரம்.

போன வருடம் எங்கள் டெய்லர் அக்கா ஒருவரின் விரலில் ஊசி இறங்கி உள்ளேயே முறிந்தது. ஈஎஸ்ஐ கார்டு இருந்ததால் வைத்தியத்துக்குச் செலவில்லை. வராத நாட்களுக்கும் பணம் கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி அதே ஊசி இறங்கியிருந்தால் அவர் வட்டிக்குத்தான் கடன் வாங்கியிருப்பார். 60 பைசா குறைந்ததாகச் சொல்கிறோம். அது குறையவில்லை, இன்னொருவர் தலையில் ஏறியிருக்கிறது.

"யாரும் பிடித்து இழுத்து வரவில்லையே, இஷ்டப்பட்டுத்தானே வருகிறார்கள்?" என்பார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டட வேலை செய்தவர்களின் வழக்கில், 1982லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு. பசியின் நெருக்கடியும் கட்டாயம்தான் என்றது தீர்ப்பு.

"கூலி ஏறினால் ஆர்டரெல்லாம் பங்களாதேஷுக்குப் போய்விடும்" என்ற பயம் எங்கள் ஊர் டீக்கடைகளில் ஓயாது. அந்த பங்களாதேஷையே பார்ப்போம். 2013 ஏப்ரலில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் ஆட்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். அந்த வருடமே மாதக் குறைந்தபட்சக் கூலி 3,000 டாக்காவிலிருந்து 5,300 ஆனது, 2023இல் 12,500. பத்து வருடத்தில் அவர்கள் ஏற்றுமதி படுத்துவிட்டதா? ஏறித்தான் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கதையும் அதுதான். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. என் அப்பா அப்போது ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பனியன் தொழிலே முடிந்தது என்று அன்று பேசிக்கொண்டதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று வருடத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி ஆகிறது. ஆனால் அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு முதலாளிகள் ஒன்று செய்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே நடந்த வேலையைத் துண்டு துண்டாக வெளியே ஜாப் வொர்க்குக்குக் கொடுத்தார்கள். என் பவர் டேபிளும் அப்படி முளைத்ததுதான். வேலையோடு பொறுப்பையும் வெளியே தள்ளிவிட்டார்கள்.

அதனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. இன்றைக்கு ரெஜிஸ்டர் வைத்திருப்பவனிடம்தான் இன்ஸ்பெக்டர் வருகிறார். ரெஜிஸ்டரே இல்லாதவர் யார் கண்ணிலும் படுவதில்லை. எங்களுக்கு ரேட் பேசும் ஏற்றுமதியாளரும், அவருக்கு ரேட் பேசும் வெளிநாட்டு பையரும், சட்டப்படியான கூலி அந்த ரேட்டுக்குள் அடங்குமா என்பதற்குப் பதில் சொல்லட்டும். அடங்காத ரேட்டை மார்க்கெட் ரேட் என்று சொல்லக் கூடாது.

ஆர்டர் போன அன்று ராத்திரி மனைவி கணக்குப் போட்டாள். பீசுக்கு 60 பைசா, 5,000 பீசுக்கு 3,000 ரூபாய். 22 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 136 ரூபாய் சொச்சம். "இதுக்காங்க ஆர்டரை விட்டீங்க? இந்த வாரம் கொஞ்சம் கம்மியா வாங்கிக்கங்கன்னு கேட்டிருந்தா யாரும் மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டாங்களே?"

சொல்லியிருக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் நான் கேட்கவில்லை.