குடோன் இல்லைன்னா ஆபத்தும் இல்லையா?



எம்.புதுப்பட்டி பக்கம் பட்டாசு ஆலைகளைப் பாருங்க. ஊரைத் தாண்டி, தள்ளித் தள்ளி ஷெட்டுகள். ஒரு ஷெட்டில் எவ்வளவு மருந்து, எத்தனை ஆள், எவ்வளவு இடைவெளி, எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. மீறினா லைசென்ஸ் போகும். சரி.

ஆனா பெட்டி கேட்டைத் தாண்டின பிறகு?

தீபாவளி நெருங்கினா சரக்கு குடோனுக்கே போறதில்ல. குட்டியானையில ஏத்தி, பெரிய லாரிக்கு மாத்தி, அன்னைக்கே அனுப்பணும். வாடகை மிச்சம், நாள் மிச்சம். இதை நாம குறை சொல்லல. சரக்கு ஒரே இடத்துல குவியாம ஓடுறது நல்லதுதான். 2023 அக்டோபர் 17 அன்று பக்கத்து ரெங்கபாளையத்தில், கடையில் இருந்த பட்டாசு தீப்பிடித்து பத்துக்கும் மேற்பட்டோர் கருகினாங்களே, மறக்க முடியுமா?

நம்ம கேள்வி ஒண்ணுதான்: வண்டி மாத்துறது எங்கே நடக்குது?

2016 அக்டோபர் 20. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றி இறக்கும்போது தீ. புகை பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள் புகுந்தது. பட்டாசுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள் மூச்சுத்திணறிச் செத்தாங்க.

2023 அக்டோபர் 7. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி. லாரியில இருந்து பெட்டி இறக்கும்போது தீ. இறந்தவர்களில் பெரும்பாலோர் தீபாவளி சீசன் வேலைக்குப் போன நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

ரெண்டு இடத்திலும் நெருப்பு பிடிச்சது பெட்டி கை மாறும் நேரத்தில்!

பெட்டியைத் தூக்கிப் போடாதே, இழுக்காதேன்னு விதி சொல்லுது. ஆனா லோடுமேனுக்குக் கூலி பெட்டிக்கணக்கு. வேகமா தூக்கினாத்தான் வீட்டுல உலை கொதிக்கும். அப்புறம் அவர் மேலேயே "கவனக்குறைவு"ன்னு பழி போட்டா எப்படி?

நாம கேட்பது:

✅ குடியிருப்புக்கு வெளியே, வண்டியோடு வண்டி சேர்த்து லோடு மாத்தத் தனி யார்டு. மேற்கூரை, தண்ணீர், மணல் கட்டாயம்.

✅ பொழுது சாய்ந்தா லோடு ஏத்துறது நிக்கணும்.

✅ பட்டாசு லோடுக்குப் பெட்டிக்கணக்கு வேண்டாம், நாள்கூலி கொடுங்க.

✅ லோடுமேன், டிரைவர், கிளீனர் அனைவருக்கும் விபத்துக் காப்பீடு.

தொழிலை மூடச் சொல்லல. இந்தத் தொழில்தான் கந்தக பூமிக்குச் சோறு போடுது. குடோன் வாடகையில மிச்சம் பிடிக்கிற காசுல கொஞ்சம் பெட்டி தூக்குறவன் உயிருக்கும் ஒதுக்குங்கன்னுதான் கேட்கிறோம்.

விபத்து நடந்த பிறகு நிவாரணம் கேட்டுப் போராடுறது போதும். இந்தத் தீபாவளிக்கு முன்னாடியே கேட்போம். பகிருங்கள் தோழர்களே!

#சிவகாசி #எம்புதுப்பட்டி #லோடுமேன்_உயிரும்_உயிர்தான்