குழாயைத் திறந்து பாருங்கள்!

நீலாங்கரையில் ஃபிளாட் பார்க்க, கணவருடன் போயிருந்தேன். புரோக்கர் வாய் ஓயவில்லை. 'பீச்சுக்கு நடந்தே போகலாம். பக்கத்திலேயே ஸ்கூல், ஆஸ்பத்திரி. திருவான்மியூர் போனால் ரயில், மருந்தீஸ்வரர் கோவில்...' என்று அடுக்கினார். பால்கனி காற்றிலேயே என்னவருக்கு மனசு நிறைந்து விட்டது. அட்வான்ஸ் கொடுக்கவே தயாராகி விட்டார்.

நான் நேரே சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து, ஒரு வாய் விட்டுப் பார்த்தேன். ஒரே உப்பு! மாடி வீட்டு அம்மாவிடம் கேட்டால், 'துவைக்க, குளிக்க போர் தண்ணி, சமையலுக்கு கேன், கோடை வந்தா லாரி. மெயின்டெனன்ஸ்ல பாதி தண்ணிக்கே போகுதும்மா...' என்றார்.

நீலாங்கரை, பாலவாக்கமெல்லாம், 2011ல் மாநகராட்சியோடு சேர்ந்தவை. கடல்நீரைக் குடிநீராக்க நெம்மேலியில், 2013ல் ஒன்று, 2024ல் ஒன்று என, இரண்டு நிலையங்கள் வந்து விட்டன. இருந்தாலும், நாம் வாங்குகிற தெருவுக்கு, அந்தத் தண்ணீர் வருகிறதா என்பதல்லவா கேள்வி? கடலோரத்தில் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, பூமிக்கடியில் உப்பு நீர் உள்ளே வரத்தானே செய்யும்? 2019 கோடையில், ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரி பின்னால் ஓடியதை மறக்க முடியுமா!

தோழியரே... நகையை விற்று, 20 வருஷக் கடனில் வாங்குகிற வீடு. பீச்சுக்கு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கூடப் போய் வரலாம். தண்ணீருக்கு அப்படிப் போக முடியுமா?

வேண்டாமென்று சொன்னதற்கு, என்னவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இருக்கட்டும்!

— ஒரு வாசகி, சென்னை.