கொல்லையில் ஒரு வீடு: செங்கல்லுக்கு முன்னே பட்டா!

மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இளையவனுக்கும் பெண் பார்க்கிறார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே அறை. கொல்லையில் கொஞ்சம் இடம் கிடக்கிறது. "அங்கே ஒரு சிறிய வீடு போட்டால் என்ன?"

தஞ்சைச் சீமையில் பல குடும்பங்களில் இந்தப் பேச்சு நடக்கிறது. போடலாமா? என்ன செலவாகும்? பார்ப்போம்.

அனுமதி சுலபம்

"கிராமம்தானே, அனுமதி எதற்கு?" என்று நினைக்கக் கூடாது. 2019-ம் ஆண்டில் வந்த கட்டட விதிகள் பட்டணத்துக்கும் பட்டிக்காட்டுக்கும் பொது. ஊராட்சியிலும் அனுமதி வாங்க வேண்டும்.

2024 ஜூலையில் அரசு ஒரு புது வழி செய்தது. அதன் பெயர் சுயசான்று முறை. மனை 2,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். கட்டடம் 3,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடி வரை கட்டலாம். "விதிப்படி கட்டுவேன்" என்று சொந்தக்காரரே உறுதி கூறி, இணையதளத்தில் மனுப் போட்டால் போதும். அனுமதி உடனே கிடைக்கும்.

சொன்னபடி கட்டாவிட்டால் பொறுப்பும் சொந்தக்காரருடையதே. ஆகவே பழைய வீட்டையும் புது வீட்டையும் வரைபடத்தில் சரியாகக் காட்டுங்கள். சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விடுங்கள். மழைநீர் சேகரிப்பும் கட்டாயம்.

மண் யாருடையது?

இங்கேதான் சிக்கல். அனுமதி கேட்டால், "மனைக்கு ஆதாரம் எங்கே?" என்பார்கள்.

நத்தம் மனைக்கு உங்கள் பெயரில் பட்டா இருந்தால் கவலை இல்லை. பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால், முதலில் வாரிசுகள் எல்லாரும் கூடிப் பேசிப் பெயர் மாற்ற வேண்டும். நெல் விளையும் நன்செய்யில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. கோயில் அல்லது மடத்து அடிமனை என்றால், வீடு உங்களுடையது. மண் உங்களுடையது அல்ல. பட்டா இல்லாவிட்டால் பாங்கியில் வீட்டுக்கடன் வாங்குவதும் கஷ்டம்.

இந்த மண்ணின் கதை

மனைக்காக இந்த மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு காலத்தில் பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் மண்ணில் இருந்தது. வேலை போனால் குடிசையும் போகும். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் பூசல் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர்களின் மனைவி மக்கள் அவர்கள்.

1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. பிறர் மண்ணில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு, குடிசை நின்ற மனை சொந்தமாயிற்று.

அன்று ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த மனை அது. இன்று மகனும் பேரனும் அதே மனையில்தான் இடம் தேடுகிறார்கள். கொல்லை வீடு ஆடம்பரம் அல்ல, அவசியம் என்பது இதனால்தான்.

என்ன செலவு?

2024-ல் தொடங்கிய "கலைஞரின் கனவு இல்லம்" திட்டத்தை அளவுகோலாக வைத்துக் கொள்ளலாம். குடிசைவாசிகளுக்கான திட்டம் இது. 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தரும் தொகை மூன்றரை லட்சம் ரூபாய். அதாவது சதுர அடிக்குச் சுமார் 970 ரூபாய். ஏற்கெனவே கான்கிரீட் வீடு உள்ளவர் கொல்லையில் இன்னொன்று கட்ட இந்தப் பணம் கிடைக்காது. அவர் கைப்பணத்தைத்தான் போட வேண்டும்.

செலவைக் குறைக்க அஸ்திவாரத்தில் கை வைக்காதீர்கள்! நம் ஊர்க் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாக இருக்கட்டும். தரை வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் எத்தனை கூரைகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று என்பதை மறக்கலாமா?

அனுமதியை அரசு சுலபமாக்கியது நல்ல காரியம். பட்டாவையும் அதேபோல் சுலபமாக்கினால்தான் ஏழைக்கு அதன் பலன் முழுதாகக் கிட்டும். மனையே இல்லாதவர்கள் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டுத் தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம்.

வீடு கட்ட நினைப்பவர்கள் இந்த வரிசையை மறக்க வேண்டாம்: முதலில் தாலுகா ஆபீஸ், பிறகு ஊராட்சி ஆபீஸ், அதற்குப் பிறகே கொத்தனார்!