விதையில் நிறம் இருந்தால் போதுமா? மக்காச்சோள விதைநேர்த்தியில் கவனிக்க வேண்டியவை

கோழித் தீவனத்துக்கும், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கும் மக்காச்சோளம் தேவைப்படுவதால் சந்தை விரிவடைந்துள்ளது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,400. விலை கிடைக்கும்போது பெரம்பலூர் போன்ற மானாவாரிப் பகுதிகளில் ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் மக்காச்சோளத்தையே விதைக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் அடிச்சாம்பல் நோய் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம். இந்தப் பூசணத்தின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். சோளப் பயிரையும் இதே நோய் தாக்கும்.

தாக்கப்பட்ட இளம்பயிரின் இலைகளில் வெளிர் மஞ்சள் கோடுகள் தெரியும். அதிகாலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெண்ணிறப் பூசணம் படர்ந்திருக்கும். செடி குட்டையாகி, இலைகள் குறுகி விறைத்து நிற்கும். பெரும்பாலும் கதிர் பிடிக்காது. அந்த நிலைக்குப் போன செடியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. பயிர் எளிதில் நோய்க்கு ஆளாவது முளைத்த முதல் மூன்று, நான்கு வாரங்களில்தான். அதனால்தான் விதைநேர்த்தி முக்கியமாகிறது.

எந்த மருந்து?

2018-இல் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்த பிறகு, பூச்சிக்கொல்லி கலந்த வீரிய ஒட்டு விதைகள் விற்பனைக்கு வந்துள்ளன. விதையில் நிறத்தைக் கண்டதும் எல்லா நோய்க்கும் மருந்து கலந்திருப்பதாக நினைத்துவிடக் கூடாது. சயன்டிரனிலிப்ரோல், தயாமீத்தாக்சம் இரண்டும் பூச்சிக்கானவை; பூசணத்தைத் தடுக்காது. திரம், கார்பன்டசிம் ஆகியவை விதை அழுகல் போன்றவற்றுக்கு உதவினாலும் அடிச்சாம்பலுக்கு அவற்றை நம்ப முடியாது. அதற்கு உரியது மெட்டலாக்சில்.

மருந்து கலந்த விதையென்றால் அந்த மருந்தின் பெயரை அட்டையில் குறிப்பிட வேண்டும் என்கின்றன 1968-ஆம் ஆண்டின் விதை விதிகள். வாங்கும்போதே அட்டையைப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் கடைக்காரரிடமோ வேளாண் உதவி அலுவலரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரசீதையும் அட்டையையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள்.

அளவும் முறையும்

மருந்து கலக்காத விதையாக இருந்தால், கிலோவுக்கு 6 கிராம் மெட்டலாக்சில் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். ஏக்கருக்கு 8 கிலோ வீரிய ஒட்டு விதை என்றால் 48 கிராம் போதும். ஏற்கெனவே மெட்டலாக்சில் கலந்த விதையில் மீண்டும் கலக்க வேண்டாம். டிரைக்கோடெர்மாவைப் பூசணக்கொல்லியோடு சேர்த்து விதையில் கலக்கக் கூடாது. அதை ஏக்கருக்கு 1 கிலோ வீதம் 20 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து மண்ணில் இடலாம்.

கையுறை அணிந்து கலக்குங்கள். மீந்த விதையைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள்.

விதைநேர்த்தி மட்டும் போதாது

விதையில் கலந்த மருந்தின் காப்பு சில வாரங்களே. பின்னர் வரும் இலைக்கருகலையும் தண்டழுகலையும் அது தடுக்காது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் நம்பினால் பூசணம் அதற்கு எதிர்ப்புத் திறன் பெறவும் கூடும். எனவே நோய்ச் செடிகளைக் கண்டவுடன் பிடுங்கி அழிக்க வேண்டும். நோய் கண்ட நிலத்தில் அடுத்த பருவம் உளுந்து, பச்சைப்பயறு, நிலக்கடலை, பருத்தி என ஏதாவதொன்றுக்கு மாறுவது நல்லது. அந்த ஒரு பருவ மாற்றம், விதைக்குச் செலவழித்த பணத்தைப் பின்னாளில் காப்பாற்றும்.