"மூலம்தானே" என்று விட்டுவிடாதீர்கள்!

தோழர்களே,

மலத்தில் ரத்தம் போனால் நம்ம ஆட்கள் யாரிடமும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும், "உடம்பு சூடு, மோர் குடி" என்பார்கள். இல்லையென்றால் சுவரொட்டியில் பார்த்த "மூலம், பௌத்திரம்" வைத்தியரிடம் போய் மாதக்கணக்கில் மருந்து தின்பார்கள். பல பேருக்கு அது மூலமாகவே இருக்கும். சிலருக்கு அது பெருங்குடல் புற்றுநோய். உடல் இளைத்து, வயிறு அடைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது நோய் கல்லீரல் வரை போயிருக்கும்.

இத்தனைக்கும் இது மெதுவாக வளரும் நோய். குடலின் உட்சுவரில் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோபியில் கண்டுபிடித்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். முதல்படியாக, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையே போதும்.

பிறகு ஏன் ஏழைகள் வருவதில்லை? கொலோனோஸ்கோபிக்கு முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். பத்து குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை இருக்கும் இடத்தில் அது எப்படி முடியும்? மறுநாள் துணைக்கு ஒருவர் வேண்டும். ரெண்டு பேர் கூலியும் போச்சு! "விழிப்புணர்வு இல்லை" என்று ஏழையைக் குறை சொல்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் வழி காட்டியிருக்கிறது. காப்பீடு இல்லாதவர்களின் பரிசோதனைச் செலவையும் சிகிச்சைச் செலவையும் அரசே ஏற்றது. நோயாளிகளுக்குக் கூடவே நின்று வழிகாட்டச் செவிலியர்களை நியமித்தது. 2001-ல் கறுப்பின மக்களில் 48 சதவீதம் பேர்தான் பரிசோதனை செய்திருந்தார்கள். 2009-ல் அது 74 சதவீதமாகி, வெள்ளையர்களுக்குச் சமமானது. இறப்பு விகிதத்தில் இருந்த இடைவெளியும் ஏறக்குறைய மறைந்தது.

நம் நாட்டில் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றோடு நிற்கிறது. அது நல்ல திட்டம்தான். ஆனால் குடலும் நம் உடம்பில்தானே இருக்கிறது?

நாம் கேட்பது:

▪️ ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமில்லா மலப் பரிசோதனை. குடும்பத்தில் இந்நோய் கண்டவர்களுக்கும் 45 வயது கடந்தவர்களுக்கும் முன்னுரிமை.

▪️ ரத்தம் தென்பட்டால் அரசு மருத்துவமனையில் தாமதமின்றிக் கொலோனோஸ்கோபி. கழிப்பறை வசதி இல்லாதவர்களுக்கு முதல் நாளே படுக்கை.

▪️ பரிசோதனை நாளின் கூலி இழப்புக்கு ஈடு.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிளைத் தோழர்கள் தெருத்தெருவாகப் போய்ப் பேசுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, தீராத சோர்வு, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம் என்று யாராவது சொன்னால், கையோடு அரசு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. சொன்னால் பிழைக்கலாம்!

#குடல்_பரிசோதனை_நம்_உரிமை